பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்பை வீட்டு பைல் சர்வராக மாற்றலாம்

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15ல் தொடங்கியது. பிளஸ் 2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லட்சக்கணக்கில் வழங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். படிப்பு முடிந்தது, புதிய கம்ப்யூட்டர் வந்தது, அது பரணுக்குப் போய்விட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் பெற்றோர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. இன்று அது குடும்பத்தின் பைல் சர்வராக வேலை செய்கிறது. போன், புதிய கம்ப்யூட்டர் என எதிலிருந்தும் பிரவுசரைத் திறந்து பத்திரங்கள், மார்க் ஷீட்கள், திருமண போட்டோக்கள் ஆகியவற்றைப் போடலாம்; எடுக்கலாம். மாதக் கட்டணம் எதுவும் இல்லை. இதை எப்படி அமைப்பது என்று பார்க்கலாம்.

ஏன் இது தேவை?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் பெருமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடியில் பத்திரங்களையும் ஆல்பங்களையும் காய வைக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பதுதான் முதலில் நனைகிறது. பெரும்பாலும் அங்கேதான் பத்திரங்கள் இருக்கும்.

ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை மத்திய அரசின் டிஜிலாக்கரில் (2015ல் தொடங்கப்பட்டது) திரும்பப் பெறலாம். ஆனால் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், மருத்துவ ரிப்போர்ட்கள், நகைக்கடை ரசீதுகள், பழைய போட்டோக்கள் அங்கே தாமாக வந்துவிடாது. அவற்றை ஸ்கேன் செய்து வைப்பது உங்கள் பொறுப்பு. பலரும் போனில் படம் எடுத்து, தமக்குத் தாமே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கின்றனர். போன் தொலைந்தாலோ மாறினாலோ அது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எல்லாருடைய பைல்களும் ஒரே இடத்தில், போல்டர் போல்டராக, வீட்டில் உள்ள அனைவரும் எடுக்கும்படி இருப்பது நல்லது அல்லவா?

சர்வர் என்றால் என்ன?

சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆவணங்கள் எல்லாம் உள்ளே ஓர் அறையில் இருக்கின்றன. நீங்கள் அந்த அறைக்குள் போக முடியாது. ஜன்னலில் விண்ணப்பம் கொடுத்தால், உள்ளே இருக்கும் எழுத்தர் தேடி எடுத்து வந்து தருவார். நாம் அமைக்கப் போவதும் இதுதான். ஆவண அறை என்பது லேப்டாப்பில் உள்ள ஒரு போல்டர். ஜன்னல் என்பது அபாச்சி என்ற வெப் சர்வர் புரோகிராம். எழுத்தர் என்பது வெப் பைல் மேனேஜர். உங்கள் போனில் உள்ள பிரவுசர் விண்ணப்பத்தை நீட்டுகிறது, அவ்வளவுதான். இந்த ஒப்புமையை மனதில் வைத்துக் கொண்டால், பின்னால் வரும் பெர்மிஷன் விஷயம் எளிதில் புரியும்.

எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம்?

அரசு லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியதுதான் பாஸ். பல மாணவர்கள் அதை ஒரு முறை கூட பூட் செய்ததில்லை. லேப்டாப்பில் அன்று வந்த பதிப்புக்கு இன்று பாதுகாப்பு அப்டேட் கிடைக்காது. விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. நெட்வொர்க்கில் எப்போதும் விழித்திருக்கப் போகும் கம்ப்யூட்டருக்கு அப்டேட் இல்லாத சிஸ்டம் சரிப்படாது. எனவே பாஸின் தாய் வீடான டெபியனையே நேரடியாகப் போடுவோம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 (டிரிக்ஸி) நமக்கு ஏற்றது. இது இலவசம்.

முதல் கட்ட லேப்டாப்கள் பெரும்பாலும் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்டவை. இன்றைய விண்டோஸுக்கு இது போதாது. ஆனால் ஒரு வீட்டின் பைல்களைக் காத்து நிற்க இது தாராளம்.

தொடங்கும் முன்

மூன்று விஷயங்களைக் கவனித்திடுங்கள்.

1. லேப்டாப்பில் உள்ள பழைய பைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். டெபியன் போடும்போது டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும்.

2. பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட்டு, அடாப்டரில் மட்டும் இயக்குங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் கொண்டது. நல்ல நிலையில் இருந்தால் அது ஒரு சிறிய யுபிஎஸ் போல உதவும்.

3. பத்து ஆண்டுகளைக் கடந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நம்ப வேண்டாம். டெபியன் போட்ட பின்பு ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற பாக்கேஜை நிறுவி, டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதித்துக் கொள்ளலாம். பழுதான செக்டார்கள் தெரிந்தால் குறைந்த விலையில் கிடைக்கும் எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுவது நல்லது. வேகமும் கூடும்.

டெபியனை நிறுவுதல்

உங்கள் புதிய கம்ப்யூட்டரில் டெபியன் தளத்திற்குச் சென்று, 64 பிட் நெட் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ பைலை டவுண்லோட் செய்திடுங்கள். ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் அதை ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும். அதைப் பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்துங்கள். எப்12, எப்9, எஸ்கேப் என இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

திரையில் வரும் கேள்விகளில் மூன்றை மட்டும் கவனியுங்கள். ரூட் பாஸ்வேர்ட் கேட்கும்போது காலியாக விட்டு விடுங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் யூசருக்கே சூடோ என்ற நிர்வாக அதிகாரம் தானாகக் கிடைக்கும். அடுத்து, டிஸ்க் பிரிக்கும் இடத்தில் 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக டெஸ்க்டாப் பட்டியலில் எக்ஸ்எப்சிஇ என்பதை மட்டும் டிக் செய்திடுங்கள். இது எடை குறைந்தது. 2 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். வைபைக்குத் தேவையான பர்ம்வேர் டெபியன் 12 முதல் ஐஎஸ்ஓ பைலிலேயே வருவதால் முன்பிருந்த தலைவலி பெரும்பாலும் இல்லை.

தேவையான பாக்கேஜ்கள்

விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராமையும் ஒவ்வொரு தளத்தில் தேடி எடுப்போம். டெபியனில் எல்லாம் ஒரே கிடங்கில் உள்ளன. மெனுவில் சினாப்டிக் பாக்கேஜ் மேனேஜரைத் திறந்திடுங்கள். முதலில் ரீலோட் பட்டனை அழுத்துங்கள். பின்னர் தேடல் கட்டத்தில் ஒவ்வொன்றாகத் தேடி இந்த நான்கையும் டிக் செய்திடுங்கள்: அபாச்சி2, பிஎச்பி, பிஎச்பி-எம்பிஸ்ட்ரிங், பிஎச்பி-ஜிப். அப்ளை அழுத்தினால் துணைப் பாக்கேஜ்களும் சேர்ந்து வந்துவிடும்.

எம்பிஸ்ட்ரிங் எதற்கு? தமிழில் பைல் பெயர் வைத்தால் அதைச் சரியாகக் கையாள இது வேண்டும். ஜிப், ஒரு போல்டரை ஒரே பைலாகச் சுருக்கி டவுண்லோட் செய்ய உதவும்.

இப்போது அதே லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, முகவரிக் கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அபாச்சியின் வரவேற்புப் பக்கம் வந்தால் ஜன்னல் திறந்துவிட்டது என்று பொருள்.

பைல் மேனேஜரைப் பொருத்துதல்

வெப் பைல் மேனேஜர்கள் பல உள்ளன. நெக்ஸ்ட்கிளவுட் பெரியது, காலண்டர், கான்டாக்ட் எல்லாம் உண்டு, டேட்டாபேஸும் வேண்டும். புதியவர்களுக்கும் பழைய லேப்டாப்புக்கும் டைனி பைல் மேனேஜர் போதும் என்பது என் கருத்து. மொத்தப் புரோகிராமும் ஒரே ஒரு பிஎச்பி பைல். டேட்டாபேஸ் கிடையாது. உங்கள் பைல்கள் டிஸ்க்கில் சாதாரண பைல்களாகவே இருக்கும். நாளை இந்தப் புரோகிராம் வேலை செய்யாமல் போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக் கொள்ளலாம்.

கிட்ஹப் தளத்தில் டைனி பைல் மேனேஜரின் பக்கத்தைத் தேடி, ஆகப் புதிய பதிப்பை டவுண்லோட் செய்திடுங்கள். பழைய பதிப்பு எங்கேனும் கிடைத்தால் எடுக்க வேண்டாம். 2.4.7க்கு முந்தைய பதிப்புகளில், அப்லோட் வழியாக வேண்டாத பைலை வேறு இடத்தில் எழுத வழி தரும் பாதுகாப்புக் குறை இருந்தது.

இனி டெர்மினலைத் திறந்திடுங்கள். கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் டைப் செய்திட வேண்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் என்டர். பாஸ்வேர்ட் டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது; பயப்பட வேண்டாம், லினக்ஸில் அது வழக்கம்.

முதலில் ஆவண அறையைக் கட்டுவோம்:
சூடோ எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/வீடு

அதன் சாவியை அபாச்சியிடம் கொடுப்போம்:
சூடோ சிஎச்ஓடபிள்யூஎன் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா /எஸ்ஆர்வி/வீடு

மற்றவர்களுக்குப் பூட்டுவோம்:
சூடோ சிஎச்மாட் 750 /எஸ்ஆர்வி/வீடு

இந்த 750 என்ன? யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஒவ்வொரு பைலுக்கும் மூவருக்கான அனுமதி உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது போல்டருக்குள் நுழைய 1. உரிமையாளருக்கு 4+2+1=7, எல்லாம் செய்யலாம். குழுவுக்கு 4+1=5, பார்க்கலாம், மாற்ற முடியாது. மற்றவர்களுக்கு 0, கதவு அடைப்பு. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்பது அபாச்சி இயங்கும் யூசரின் பெயர். நம் எழுத்தருக்கு இந்த ஓர் அறையின் சாவி மட்டுமே தரப்பட்டுள்ளது. ஏதேனும் பிரச்சினை வந்தால் 777 கொடு என்று பலர் சொல்வார்கள். அது எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போன்றது.

இப்போது டவுண்லோட் செய்த பிஎச்பி பைலை, சிபி கமாண்ட் மூலம் சூடோ அதிகாரத்துடன் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் போல்டருக்குக் காப்பி செய்து, 'பெட்டி.பிஎச்பி' என்று பெயர் கொடுங்கள். பெயர் சிறிதாக இருந்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு டைப் செய்ய எளிது. இந்தப் பைலின் உரிமையாளர் ரூட்டாகவே இருக்கட்டும். எழுத்தர் தன் வேலை விதிகளைத் தானே திருத்தக் கூடாது அல்லவா?

கட்டாயம் மாற்ற வேண்டிய இரண்டு

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்/பெட்டி.பிஎச்பி என்று கொடுத்தால் லாகின் பக்கம் வரும். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்ட் அட்மின்@123. யூசர் என்ற பெயரில் 12345 என்ற பாஸ்வேர்டுடன் இன்னொரு கணக்கும் உண்டு. இவை உலகத்துக்கே தெரிந்தவை. எனவே முதல் வேலை இவற்றை ஒழிப்பதுதான்.

உள்ளே சென்று ஹெல்ப் பக்கத்தைத் திறந்திடுங்கள். புதிய பாஸ்வேர்ட் ஹேஷ் உருவாக்கும் லிங்க் அங்கே இருக்கும். உங்கள் புதிய பாஸ்வேர்டைக் கொடுத்தால், டாலர் குறியில் தொடங்கும் நீண்ட எழுத்துக் கோவை ஒன்று கிடைக்கும். அதுதான் ஹேஷ். பாஸ்வேர்டிலிருந்து ஹேஷை உருவாக்கலாம்; ஹேஷிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பிக் கணக்கிட முடியாது. அதனால்தான் பைலில் பாஸ்வேர்டுக்குப் பதில் இதை எழுதுகிறோம். இதைக் காப்பி செய்து கொள்ளுங்கள்.

டெர்மினலில் சூடோ நானோ என்று கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு, பெட்டி.பிஎச்பி பைலின் முழுப் பாதையையும் டைப் செய்து திறந்திடுங்கள். தொடக்கத்திலேயே ஆத் யூசர்ஸ் என்ற பகுதி இருக்கும். அட்மினுக்கு எதிரே மேற்கோள் குறிகளுக்குள் உள்ள பழைய ஹேஷை எடுத்துவிட்டு உங்களுடையதை ஒட்டுங்கள். யூசர் என்று தொடங்கும் வரியை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது, ரூட் பாத் என்ற வரி. இதில் பைல்களின் இருப்பிடம் அபாச்சியின் பொதுப் போல்டராகவே தரப்பட்டிருக்கும். இது ஆபத்து. அந்தப் போல்டரில் போடும் எந்தப் பைலையும், அதன் முகவரியை நேரடியாக டைப் செய்பவர் லாகின் இல்லாமலே எடுத்துவிடலாம். பதிவு அலுவலகத்தில் பத்திரங்களை ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் அடுக்கி வைப்பது போல. எனவே சமக்குறிக்குப் பின் உள்ளதை எடுத்துவிட்டு, ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் /எஸ்ஆர்வி/வீடு என்று கொடுங்கள். வரியின் முடிவில் உள்ள அரைப்புள்ளி அப்படியே இருக்க வேண்டும். கண்ட்ரோல்+ஓ அழுத்தி என்டர் தட்டினால் சேவ் ஆகும், கண்ட்ரோல்+எக்ஸ் வெளியேற.

இதில் ஓர் இழப்பு உண்டு. பைல்கள் பொதுப் போல்டருக்கு வெளியே இருப்பதால், படங்களை அதே பக்கத்தில் பார்க்கும் பிரிவியூ வேலை செய்யாது. டவுண்லோட் செய்துதான் பார்க்க வேண்டும். பத்திரங்கள் இருக்கும் இடத்தில் இந்தச் சிறு சிரமத்தை ஏற்றுக் கொள்ளலாம்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டுமா? ஆத் யூசர்ஸில் புதிய பெயரும் ஹேஷும் சேர்த்து, ரீட்ஒன்லி யூசர்ஸ் என்ற வரியிலும் அந்தப் பெயரைக் கொடுத்திடுங்கள். அவர்கள் எடுக்கலாம், அழிக்க முடியாது. இது முக்கியம். டைனி பைல் மேனேஜரில் ரீசைக்கிள் பின் கிடையாது. டெலீட் என்றால் போனது போனதுதான்.

போனிலிருந்து திறத்தல்

டெர்மினலில் ஐபி, ஓர் இடைவெளி, ஏ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 192.168 எனத் தொடங்கும் எண் தெரியும். அது வீட்டு வைபைக்குள் லேப்டாப்பின் முகவரி. போனை அதே வைபையில் இணைத்து, பிரவுசரில் அந்த எண், ஒரு சாய்கோடு, பெட்டி.பிஎச்பி என்று கொடுத்தால் லாகின் பக்கம் வரும். ரூட்டர் இந்த எண்ணை நாளை மாற்றிவிடலாம். எனவே ரூட்டரின் செட்டிங்ஸில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் லேப்டாப்புக்கு இந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிறகு அம்மா, அப்பா போன்களில் இதை புக்மார்க் செய்து கொடுத்தால் போதும்.

மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். எக்ஸ்எப்சிஇ பவர் மேனேஜரில், மூடியை மூடும்போது திரை மட்டும் அணையும்படி மாற்றுங்கள். தானாகத் தூங்கும் நேரத்தையும் 'ஒருபோதும் இல்லை' என்று வைத்திடுங்கள். மின்வெட்டுக்குப் பின் ரீ பூட் ஆனால், ஒரு முறை லாகின் செய்த பிறகே மூடியை மூடுங்கள்.

வெளியூரிலிருந்து எடுக்கலாமா?

ரூட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்து இதை இன்டர்நெட்டில் திறந்துவிடாதீர்கள். நாம் அமைத்தது எச்டிடிபி; பாஸ்வேர்ட் ரகசியக் குறியீடு இல்லாமல் போகிறது. வீட்டு வைபைக்குள், அதுவும் நல்ல வைபை பாஸ்வேர்ட் இருந்தால், இது பொருந்தும். இன்டர்நெட்டில் திறந்தால், உலகம் முழுவதும் திறந்த ஜன்னல்களைத் தேடி அலையும் தானியங்கிப் புரோகிராம்கள் விரைவிலேயே கதவைத் தட்டத் தொடங்கும். நான் சென்னையிலிருந்து எடுப்பதற்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன்னைப் பயன்படுத்துகிறேன். லேப்டாப்பிலும் போனிலும் அதை நிறுவினால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போல ரகசியப் பாதையில் பேசிக் கொள்ளும்.

இது பேக்கப் ஆகாது

சர்வரில் போட்டுவிட்டோம், பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே டிஸ்க்கில் இருக்கும் ஒரே காப்பி, பீரோவில் இருக்கும் ஒரே பத்திரத்தைப் போன்றதுதான். மாதம் ஒரு முறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இன்னொரு டிஸ்க்கை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வைத்திடுங்கள். எங்கள் குடும்பத்தில் அது அக்காவின் வீட்டில் இருக்கிறது. கடலூரில் வெள்ளம் வரும் அதே நாளில் அங்கேயும் வர வாய்ப்பு குறைவு.

லேப்டாப்பை மேல் அலமாரியில், காற்றோட்டமான இடத்தில் வைத்திடுங்கள். இன்னொரு விஷயம்: டைனி பைல் மேனேஜர் தன் பக்கத்தின் அழகுக்கும் சில வசதிகளுக்கும் தேவையான பைல்களை இன்டர்நெட்டிலிருந்து எடுக்கிறது. புயல் நேரத்தில் நெட் இல்லாவிட்டால் பக்கம் குலைந்து தெரியலாம். பைல்களுக்கு எதுவும் ஆகாது. லேப்டாப்பின் டெர்மினலில் இருந்தே, சூடோ அதிகாரத்துடன் பென் டிரைவுக்குக் காப்பி செய்து கொள்ளலாம். மழைக்காலத்திற்கு முன் ஒரு நாள் ரூட்டரின் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு இதைச் சோதித்துப் பார்த்திடுங்கள்.

அப்டேட்டையும் மறக்க வேண்டாம். வாரம் ஒரு முறை சினாப்டிக்கில் ரீலோட், மார்க் ஆல் அப்கிரேட்ஸ், அப்ளை. டைனி பைல் மேனேஜர் டெபியன் கிடங்கில் இல்லாததால், அதன் புதிய பதிப்பை நீங்களேதான் பார்த்து மாற்ற வேண்டும். மாற்றியவுடன் ஹேஷையும் ரூட் பாத்தையும் மீண்டும் கொடுக்க வேண்டும். அதற்காக, நீங்கள் திருத்திய பெட்டி.பிஎச்பி பைலின் காப்பி ஒன்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருங்கள்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலில் ஸ்கேன் செய்து போட வேண்டியது எது என்று கேட்டால், வீட்டுப் பத்திரம் என்பேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, அதற்குள் முடித்துவிடுங்கள்.